ஊட்டச்சத்து மாணவர்களுக்கு விரைவு முதுநிலைப் பாதை: தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகத்தில் அமைப்பது எப்படி?

டயட்டெடிக்ஸ், அதாவது உணவியல், படிக்கும் பிள்ளை நான்கு ஆண்டில் இளநிலைப் பட்டத்தை முடித்துவிடுகிறது. அதே பிள்ளை மாஸ்டர்ஸில் சேர்ந்தால், ஏட்டில் ஓராண்டு என்று இருக்கும் படிப்பு இரண்டாகிறது, மூன்றாகிறது, சில சமயம் முடியாமலே நின்றுபோகிறது. நடுவில் வேலை வந்துவிடுகிறது, கல்யாணம் வந்துவிடுகிறது, ஆய்வுக்கு வழிகாட்டும் கைடு வேறு ஊருக்கு மாறிவிடுகிறார். இந்த இழுபறியைத் தவிர்க்கத்தான் விரைவு முதுநிலைப் பாதை என்ற யோசனை.

அமெரிக்காவில் இது இப்போது பரவலாக இருக்கிறது. அதற்கு ஒரு கட்டாயமும் உண்டு. 2024 ஜனவரி 1 முதல் அங்கே பதிவுபெற்ற டயட்டீஷியன் தேர்வை முதல்முறை எழுத முதுநிலைப் பட்டம் வேண்டும். அதனால் இளநிலையின் கடைசி ஆண்டிலேயே சில முதுநிலைப் பாடங்களை எடுக்கவைத்து, அவற்றை இரண்டு பட்டத்துக்கும் கணக்கில் சேர்த்து, ஐந்து ஆண்டில் இரண்டையும் கொடுத்துவிடுகிறார்கள்.

தென்னாப்பிரிக்காவில் நிலைமை வேறு. சுகாதாரத் தொழில் கவுன்சிலில், அதாவது எச்.பி.சி.எஸ்.ஏ.வில், டயட்டீஷியனாகப் பதிவு செய்ய நான்காண்டுப் பட்டம் போதும். முதுநிலை கட்டாயம் இல்லை. படிப்பின் அளவைக் கணக்கிடும் புள்ளிதான் கிரெடிட்; இரண்டு பட்டத்துக்கும் ஒரே கிரெடிட்டை எண்ணுவதற்கும் இங்கே கடிவாளம் இருக்கிறது. ஆகவே அமெரிக்கக் கல்லூரியின் கையேட்டை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றி, பல்கலைக்கழகத்தின் கல்வி விதிகளை முடிவு செய்யும் செனட்டில் வைத்தால் முதல் கூட்டத்திலேயே திரும்பி வரும். இங்கே படிப்பின் அளவைக் குறைக்க முடியாது. குறைக்கக்கூடியது காத்திருக்கும் காலம். கீழே உள்ள படிகள் எல்லாம் அதை வைத்தே அமைந்தவை. டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் துறைப் பொறுப்பில் இருக்கும் தமிழரான ஆசிரியர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். மாணவர்களும் பெற்றோரும் படித்தால் தங்கள் பங்குக்கு என்ன கேட்கவேண்டும் என்று தெரிந்துகொள்ளலாம்.

படி 1: உங்கள் மாணவர் எந்த நிலையில் நிற்கிறார்?

தேசியத் தகுதிச் சட்டகத்தில் பத்து நிலைகள் உண்டு. மூன்றாண்டு பி.எஸ்சி. 360 கிரெடிட், 7-ம் நிலை. நான்காண்டுத் தொழில்முறைப் பட்டம் 480 கிரெடிட், 8-ம் நிலை. டயட்டெடிக்ஸ் இந்த வகை. மூன்றாண்டுப் பட்டத்துக்கு மேல் ஓராண்டு படிக்கும் ஹானர்ஸ் 120 கிரெடிட், அதுவும் 8-ம் நிலை. மாஸ்டர்ஸ் 180 கிரெடிட், 9-ம் நிலை. மாஸ்டர்ஸில் சேர 8-ம் நிலைத் தகுதி வேண்டும்.

இதிலிருந்தே இரண்டு தனித்தனிப் பாதைகள் பிரிகின்றன. டயட்டெடிக்ஸ் மாணவர் நான்காம் ஆண்டு முடிந்ததும் நேராக மாஸ்டர்ஸுக்கு வரலாம், ஆனால் அவருக்கு ஓராண்டு சமூக சேவை காத்திருக்கிறது. மூன்றாண்டு பி.எஸ்சி.யில் மனித ஊட்டச்சத்தோ உணவு அறிவியலோ படித்தவர் ஹானர்ஸைத் தாண்டாமல் வர முடியாது. அவருக்கு 3+1+1: பி.எஸ்சி. மூன்று ஆண்டு, ஹானர்ஸ் ஒன்று, மாஸ்டர்ஸ் ஒன்று. இரண்டு பேருக்கும் ஒரே பாதையை வரைந்தால் இருவருக்குமே பொருந்தாது. முதலில் ஒரு கூட்டத்தைத் தேர்ந்தெடுத்து அவர்களுக்காக மட்டும் வரையுங்கள். மற்றதை அப்புறம் பார்க்கலாம்.

படி 2: புதுப் பட்டம் தொடங்காதீர்கள்

ஆர்வத்தில் பலரும் போடும் முதல் திட்டம், "விரைவு முதுநிலை" என்ற பெயரில் ஒரு புதுப் பட்டம். புதுப் பட்டம் என்றால் துறை, ஃபேகல்ட்டி, செனட் ஒப்புதலோடு முடியாது. உயர்கல்வித் துறை அதைப் பல்கலைக்கழகத்தின் படிப்புப் பட்டியலில் சேர்க்க வேண்டும், உயர்கல்விக் கவுன்சில் அங்கீகரிக்க வேண்டும், தகுதிகள் ஆணையமான சாக்வா பதிவு செய்ய வேண்டும். இத்தனை மேசைகளையும் கோப்பு தாண்டி வருவதற்குள், யாருக்காகத் தொடங்கினீர்களோ அந்த மாணவர்கள் படித்து முடித்து வேலைக்கே போயிருப்பார்கள்.

ஏற்கெனவே அங்கீகாரம் பெற்ற உங்கள் மாஸ்டர்ஸை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். பெயர், கிரெடிட், உள்ளடக்கம் எதையும் தொட வேண்டாம். மாற்றுவது நான்கே விஷயம்: எப்போது விண்ணப்பிக்கலாம், எப்போது நிபந்தனையுடன் இடம் கொடுக்கலாம், எந்த முன்வேலையை இளநிலையின் கடைசி ஆண்டில் செய்யலாம், கைடு எப்போது நியமிக்கப்படுவார். இவை பல்கலைக்கழகத்தின் உள்விதிகள். செனட் நினைத்தால் மாற்றலாம். செனட்டுக்குப் போகும் தாளில் "புதிய திட்டம்" என்ற சொல்லையே தவிர்த்து "சேர்க்கை நடைமுறைத் திருத்தம்" என்று எழுதினால் பாதித் தலைவலி குறையும். இது தந்திரம் அல்ல, நீங்கள் செய்வதும் அதுதான்.

படி 3: கிரெடிட் கணக்கைத் தெளிவாகப் போடுங்கள்

இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். செனட்டில் கேள்வி வருவது இங்கேதான்.

2013-ல் அரசிதழில் வந்த உயர்கல்வித் தகுதிச் சட்டகம் சொல்வது: முடித்த பட்டத்தின் கிரெடிட்டில் அதிகபட்சம் பாதியை இன்னொரு பட்டத்துக்கு மாற்றலாம். அந்த இன்னொரு பட்டத்துக்குத் தேவையான கிரெடிட்டிலும் பாதிக்கு மேல் இப்படிப் பயன்படுத்திய கிரெடிட்டாக இருக்கக்கூடாது. மாஸ்டர்ஸின் 180-ல் பாதி 90. அப்படியானால் 90 கிரெடிட்டை இளநிலையிலிருந்து கொண்டுவந்துவிடலாமே என்று தோன்றும். முடியாது. அதே சட்டகம் மாஸ்டர்ஸில் குறைந்தது 120 கிரெடிட் 9-ம் நிலையில் இருக்க வேண்டும் என்கிறது. இளநிலைக் கடைசி ஆண்டுப் பாடங்கள் 9-ம் நிலையில் இல்லை. ஆக, மீதி 60-க்குள்தான் ஏதாவது செய்ய முடியும். அதிலும் பல்கலைக்கழகத்தின் சொந்த விதி இதைவிட இறுக்கமாக இருக்கலாம். முழு ஆய்வேட்டால் மட்டுமே பெறும் மாஸ்டர்ஸ் என்றால் மாற்றுவதற்குப் பாடமே கிடையாது, கதை அங்கேயே முடிந்தது.

பாடங்களும் குறு ஆய்வேடும் சேர்ந்த மாஸ்டர்ஸ் உங்களிடம் இருந்தால் சுத்தமான வழி ஒன்று உண்டு. கடைசி ஆண்டு மாணவர் 9-ம் நிலைப் பாடம் ஒன்றை, உதாரணமாக ஆய்வு முறையியலையோ உயிர்ப்புள்ளியியலையோ, பட்டத்தில் சேராத பாடமாகத் தனியாகப் பதிவு செய்து படிக்கட்டும். அது இளநிலைப் பட்டத்தின் கணக்கில் வராது. அதனால் இரட்டை எண்ணிக்கை என்ற கேள்வி எழாது. பின்னால் மாஸ்டர்ஸில் சேர்ந்ததும் அதற்கு அங்கீகாரம் கேட்கலாம். இதை அனுமதிக்கும் விதியை செனட்டில் முன்கூட்டியே எழுத்தில் வாங்கிவிட வேண்டும். மாணவர் பாடத்தை முடித்த பிறகு போய்க் கேட்டால் அலைச்சல்தான் மிச்சம்.

ஒரு பாடத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். டயட்டெடிக்ஸ் நான்காம் ஆண்டில் மருத்துவமனைப் பயிற்சி, சமுதாயப் பயிற்சி, உணவுச் சேவை மேலாண்மை என்று ஏற்கெனவே மூச்சு முட்டும்.

இன்னொரு கணக்கையும் தாளில் போட்டுக் காட்டுங்கள். ஒரு கிரெடிட் என்பது பத்து மணி நேர உழைப்பு. 180 கிரெடிட் 1,800 மணி நேரம். வாரத்துக்கு 40 மணி நேரம் என்றால் 45 வாரம். பிப்ரவரியில் தொடங்கினால் டிசம்பருக்குள் அடங்கிவிடும் வேலை. அப்படியும் அடங்காமல் போகிறதென்றால் மீதிக் காலம் எங்கே போகிறது? அதுதான் அடுத்த படி.

படி 4: காத்திருப்பு எங்கெல்லாம் இருக்கிறது என்று வரைபடம் போடுங்கள்

உங்கள் துறையில் அண்மையில் மாஸ்டர்ஸ் முடித்த ஐந்தாறு பேரின் கோப்பை எடுங்கள். ஒவ்வொருவருக்கும் தேதிகளை வரிசையாக எழுதுங்கள்: பதிவு செய்த நாள், ஆய்வுத் திட்டம் ஏற்கப்பட்ட நாள், ஆய்வு நெறிமுறைகளைப் பார்க்கும் எத்திக்ஸ் கமிட்டியின் அனுமதி வந்த நாள், மருத்துவமனையோ பள்ளியோ அனுமதித்த நாள், தரவு சேகரிப்பு முடிந்த நாள், ஆய்வேடு சமர்ப்பித்த நாள், ஆய்வேட்டை மதிப்பிடும் தேர்வாளரின் அறிக்கை வந்த நாள். மாணவர் உண்மையில் உழைத்த காலமும் யாரோ ஒருவரின் கையெழுத்துக்காக உட்கார்ந்திருந்த காலமும் தனித்தனியாகத் தெரியும். முதல் ஆண்டின் பெரும்பகுதி ஆய்வுத் திட்டத்திலும் எத்திக்ஸிலுமே கரைவதைப் பார்ப்பீர்கள்.

இந்த முன்பகுதியை இளநிலைக் கடைசி ஆண்டுக்கு நகர்த்துவதுதான் விரைவுப் பாதையின் உயிர்நாடி. நம் ஆண்டு பிப்ரவரியில் தொடங்கி நவம்பரில் முடிவது. அதற்கு ஏற்ற அட்டவணை இப்படி இருக்கலாம்:

மூன்றாம் ஆண்டின் இரண்டாம் பருவத்தில் அறிமுகக் கூட்டம், ஆர்வமுள்ளவர்கள் பெயர் கொடுத்தல். நான்காம் ஆண்டு மார்ச்சுக்குள் கைடும் ஆய்வுக் கேள்வியும் முடிவாக வேண்டும். ஜூன் விடுமுறைக்கு முன் இலக்கிய ஆய்வின், அதாவது அந்தத் தலைப்பில் ஏற்கெனவே வந்த ஆய்வுகளின் தொகுப்பின், முதல் வரைவு. ஆகஸ்டில் துறைக் கருத்தரங்கில் திட்டத்தை முன்வைத்தல். செப்டம்பரில் எத்திக்ஸ் விண்ணப்பம். நவம்பரில் இளநிலைத் தேர்வு, அப்போது ஆய்வுப் பக்கம் யாரும் அவர்களைத் தொந்தரவு செய்யக்கூடாது. டிசம்பரில் பல்கலைக்கழகமே பூட்டிக் கிடக்கும், கமிட்டி கூடாது. அதனால் செப்டம்பரைத் தவறவிட்டால் அடுத்த ஆண்டு பிப்ரவரிதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு மாதச் சோம்பல் நான்கு மாதத்தை விழுங்கிவிடும்.

சரி, இன்னும் மாஸ்டர்ஸில் பதிவே செய்யாத மாணவர் பெயரில் எத்திக்ஸ் விண்ணப்பம் எப்படிப் போடுவது? போட வேண்டாம். கைடு தன் பெயரில் ஒரு குடைத் திட்டத்துக்கு அனுமதி வாங்கி வைக்கட்டும். உதாரணமாக, "டர்பன் தெற்குப் பகுதிப் பள்ளிச் சிறுவர்களின் உணவுச் சூழல்" என்று பல ஆண்டு ஓடும் பெரிய ஆய்வு. அதற்குள் மதிய உணவு, பள்ளி வாசல் தின்பண்டக் கடையான டக்‌ஷாப், காலைச் சிற்றுண்டி, உயரமும் எடையும் என்று தனித்தனித் துணை ஆய்வுகள். மாணவர் மாஸ்டர்ஸில் பதிவானதும் அவரையும் அவருடைய துணைக் கேள்வியையும் ஒரு திருத்த விண்ணப்பத்தால் உள்ளே சேர்க்கலாம். முழு விண்ணப்பத்தைவிடத் திருத்தம் பெரும்பாலும் சீக்கிரம் நகரும். குடைத் திட்டத்தின் அனுமதியை ஆண்டுதோறும் புதுப்பிக்கக் கைடு மறக்கக்கூடாது. அது காலாவதியானால் அதன் கீழே இருக்கும் எல்லா மாணவரும் ஒரே நாளில் நிற்பார்கள்.

கமிட்டி அனுமதித்தாலும் வேலை முடியவில்லை. மாகாண அரசு மருத்துவமனையிலோ கிளினிக்கிலோ ஆய்வு என்றால் மாகாணச் சுகாதாரத் துறையின் அனுமதி தனி. அதற்கான விண்ணப்பம் தேசியச் சுகாதார ஆய்வுத் தரவுத்தளம் வழியாகப் போகிறது. மருத்துவமனைத் தலைமையின் ஆதரவுக் கடிதமும் வேண்டும். சாட்ஸ்வொர்த் ஆர்.கே. கான் மருத்துவமனையோ ஃபீனிக்ஸ் மகாத்மா காந்தி நினைவு மருத்துவமனையோ, எங்கே என்றாலும் ஆதரவுக் கடிதத்தை ஆகஸ்டிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள். பள்ளி என்றால் கல்வித் துறையிடம் போக வேண்டும். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான போப்பியா, உடல்நலத் தகவலைச் சிறப்புப் பாதுகாப்புக்கு உரியதாக வைக்கிறது. நோயாளியின் ரத்தச் சர்க்கரை அளவை மாணவர் சொந்த லேப்டாப்பில் பெயரோடு வைத்திருந்தால் அது சட்டச் சிக்கல். தரவை எங்கே, யார் பூட்டில் வைப்பது என்று முதல் நாளே முடிவு செய்யுங்கள்.

படி 5: ஓராண்டில் முடியும் கேள்வியை எடுங்கள்

நல்ல மாணவர்கள்தான் இங்கே அதிகம் வழுக்குவார்கள். அவர்களுக்கு உலகையே மாற்றும் கேள்வி வேண்டும். ஆறு மாதம் உணவு கொடுத்துப் பார்க்கும் பரிசோதனை, மூன்று மாவட்டத்தில் கணக்கெடுப்பு, புதிய கேள்விப்பட்டியலை சூலு மொழியில் பெயர்த்து, திரும்ப ஆங்கிலத்துக்குப் பெயர்த்துச் சரிபார்ப்பது. எல்லாம் அருமையானவை. விரைவுப் பாதைக்கு எதுவும் ஆகாது.

மூன்று வகை ஆய்வுகள் பொருந்தும். ஒன்று, மேலே சொன்ன குடைத் திட்டத்துக்குள் ஒரு குறுக்குவெட்டு ஆய்வு, அதாவது ஒரே காலகட்டத்தில் ஒருமுறை மட்டும் அளந்து பார்ப்பது. இரண்டு, ஏற்கெனவே வந்த ஆய்வுகளை முறைப்படி தேடித் தொகுக்கும் இலக்கிய வரைவாய்வு. மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது: ஏற்கெனவே சேகரித்த தேசியத் தரவைப் புதிய கேள்வியோடு அணுகுவது. 2016-ன் மக்கள்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 27 சதவீதம் வளர்ச்சி குன்றியவர்கள், பெண்களில் 68 சதவீதம் அதிக எடையோ உடல் பருமனோ உள்ளவர்கள். ஒரே வீட்டில் குன்றிய குழந்தையும் பருத்த தாயும் இருக்கும் நிலையை ஆராய அந்தத் தரவே போதும், பதிவு செய்து கேட்டால் கிடைக்கும். கேப்டவுன் பல்கலைக்கழகத்தின் ஆய்வுப் பிரிவு நடத்திய தேசிய வருமான இயங்குநிலை ஆய்வு 2008-லிருந்து 2017 வரை ஐந்து சுற்றுகளாக அதே குடும்பங்களின் உறுப்பினர்களைப் பின்தொடர்ந்தது, அதில் உயரமும் எடையும் அளந்திருக்கிறார்கள். யாரையும் நேரில் சந்திக்கத் தேவையில்லை என்பதால் எத்திக்ஸும் எளிது. ஆனால் புள்ளியியல் கைவர வேண்டும். ஸ்டாட்டாவையோ ஆர் மென்பொருளையோ நான்காம் ஆண்டிலேயே தொட்டுப் பார்க்காதவர் இந்தப் பக்கம் வரக்கூடாது.

நம் சமூகத்துக்குள்ளும் ஓராண்டில் முடியும் கேள்விகள் கொட்டிக் கிடக்கின்றன. ஆடி மாதம் மாரியம்மன் கோயில்களில் ஊற்றும் கூழ், இசிப்பிங்கோ கோயிலில் பெரிய வெள்ளி அன்று ஆயிரக்கணக்கானோர் சாப்பிடும் அன்னதானம், வீட்டு ஊறுகாயில் உப்பு, பீன்ஸ் கறியும் சோறும் சேரும்போது சர்க்கரை நோயாளிக்கு எவ்வளவு மாவுச்சத்து போகிறது என்பது. அரசு 2016 முதல் ரொட்டி போன்ற தொழிற்சாலை உணவுகளின் உப்புக்கு வரம்பு வைத்திருக்கிறது, 2018 ஏப்ரலிலிருந்து இனிப்புப் பானங்களுக்கு வரி இருக்கிறது. வீட்டுச் சமையலுக்கும் கோயில் சமையலுக்கும் அப்படி எந்த வரம்பும் கிடையாது. ஆயாவிடம் உட்கார்ந்து எத்தனை கரண்டி, எந்தக் கரண்டி என்று கேட்டு அளந்துகொண்டு வரும் பொறுமை உள்ள பிள்ளைக்கு இது சிறந்த ஆய்வு. கோயில் நிர்வாகக் குழுவின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் போகக்கூடாது, தெரிந்த கோயிலாகவே இருந்தாலும்.

ஒரு எச்சரிக்கை. நான்காம் ஆண்டில் மாணவர்கள் குழுவாக ஆய்வு செய்து அறிக்கை கொடுத்திருப்பார்கள். அதையே கொஞ்சம் நீட்டி மாஸ்டர்ஸாகக் கொடுக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். ஒரு பட்டத்துக்கு மதிப்பெண் வாங்கிய வேலையை இன்னொன்றுக்குக் கொடுப்பது நேர்மைக் குற்றம். அந்த ஆய்வில் எழுந்த அடுத்த கேள்வியைத் தனியாக எடுத்துக்கொள்வது முற்றிலும் சரி. எது பழையது, எது புதியது என்று ஒரு பக்கத்தில் எழுதி, கைடும் மாணவரும் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: கைடுகளை எண்ணுங்கள், அப்புறம் மாணவர்களை எண்ணுங்கள்

நம் நாட்டில் உணவியல் துறைகள் சின்னவை. முனைவர் பட்டம் வாங்கிய நான்கைந்து பேர் இருந்தாலே நல்ல துறை. அவர்கள்தான் இளநிலை வகுப்பும் எடுக்க வேண்டும், மருத்துவமனைப் பயிற்சியையும் மேற்பார்வை செய்ய வேண்டும். ஒவ்வொருவரும் இன்னும் எத்தனை பேரை ஏற்க முடியும் என்று உண்மையாகக் கேட்டு, வரும் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்துவிட்டு அறிவியுங்கள். முதல் அணிக்கு மூன்று பேர் போதும். பத்துப் பேரைச் சேர்த்து ஏழு பேரை அந்தரத்தில் விடுவதைவிட அது மரியாதை.

பொதுச் சுகாதாரம், புள்ளியியல், உணவுத் தொழில்நுட்பம் ஆகிய பக்கத்துத் துறைகளிலிருந்து இணைக் கைடு எடுக்கலாம். டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் மாதிரி பக்கத்திலேயே இருக்கும் வேறு பல்கலைக்கழகத்திலிருந்தும் எடுக்கலாம். ஒரு வரைவை எத்தனை நாளில் திருத்தித் தருவேன் என்று கைடு எழுதிக்கொடுப்பது முக்கியம். பத்து வேலை நாள் நியாயமானது. மாணவருக்கு மட்டும் கெடு வைத்துவிட்டு ஆசிரியர் மேசையில் அத்தியாயம் ஆறு வாரம் கிடந்தால் அந்தப் பாதைக்கு விரைவு என்று பெயர் வைக்க நமக்கு வாய் கூச வேண்டும்.

படி 7: மாணவர் தேர்வும் பணமும்

மதிப்பெண் வரம்பு இருக்கட்டும், 65 சதவீதம் என்று வைத்தால் நியாயம். ஆனால் மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால் ஓராண்டில் முடிப்பவரைக் கண்டுபிடிக்க முடியாது. இரண்டு பக்கக் கட்டுரை எழுதச் சொல்லுங்கள். திருத்தம் சொல்லித் திரும்பக் கொடுங்கள். ஒரு வாரத்தில் அந்தத் திருத்தத்தோடு என்ன செய்துகொண்டு வருகிறார் என்று பாருங்கள். வேறு எந்தத் தேர்வும் இவ்வளவு சொல்லாது.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இந்தப் பாதையைத் திறந்தால் அது வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளின் பாதையாகிவிடும். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3,50,000 ராண்டுக்குள் இருப்பவர்களுக்கு இளநிலையில் கைகொடுக்கும் அரசு மாணவர் நிதியான என்.எஸ்.ஃபாஸ் உதவி மாஸ்டர்ஸுக்கு வராது. மாஸ்டர்ஸுக்குத் தேசிய ஆய்வு அறக்கட்டளையின், அதாவது என்.ஆர்.எஃப்.-ன் உதவித்தொகை இருக்கிறது. அதில்தான் பலரும் அறியாத சிக்கல். அடுத்த ஆண்டுக்கான விண்ணப்பம் இந்த ஆண்டின் நடுப்பகுதியிலேயே மூடிவிடும், பல்கலைக்கழகத்தின் உள்கெடு அதற்கும் முன்னால். டிசம்பரில் ரிசல்ட் வந்த பிறகு "மாஸ்டர்ஸ் பண்ணலாமா" என்று யோசிப்பவருக்கு அந்தக் கதவு ஏற்கெனவே சாத்தப்பட்டிருக்கும். விரைவுப் பாதையில் இருப்பவருக்கு மார்ச்சிலேயே கைடும் தலைப்பும் இருப்பதால் நேரத்தோடு விண்ணப்பிக்கலாம். என்னைக் கேட்டால் இந்தப் பாதையின் மிகப் பெரிய லாபம் இதுதான், மிச்சமாகும் ஓராண்டு அதற்கு அப்புறம்தான்.

பெற்றோரையும் ஒரு மாலை கூப்பிட்டுப் பேசுங்கள். சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் வெருலத்திலும் இருந்து வரும் பல பிள்ளைகள் வீட்டில் முதல் பட்டதாரிகள். "இன்னும் எவ்வளவு நாள்மா படிப்பே, எப்போ சம்பளம் வாங்குவே?" என்று கேட்கும் அம்மாவுக்கு அது நியாயமான கேள்வி. மருத்துவமனையில் டயட்டீஷியனாக வேலை பார்ப்பதுதான் ஆசை என்றால் மாஸ்டர்ஸ் உடனடித் தேவை இல்லை என்று அவரிடம் நேராகச் சொல்லுங்கள். விரிவுரையாளர் வேலை, ஆய்வு நிறுவனங்கள், கொள்கை வகுக்கும் பணிகள், பின்னால் முனைவர் பட்டம், இவற்றில் நாட்டம் உள்ளவருக்கே இது பொருந்தும்.

படி 8: காம்சர்வ் ஆண்டை எங்கே வைப்பது?

டயட்டெடிக்ஸ் மாணவர்களுக்கு மட்டும் உள்ள முடிச்சு இது. பட்டம் முடிந்ததும் ஓராண்டு சமூக சேவை, எல்லோரும் சொல்வது காம்சர்வ். அதை முடிக்காமல் சுயமாகத் தொழில் செய்யப் பதிவு கிடைக்காது. சம்பளம் உண்டு, இடம் நம் கையில் இல்லை. டர்பன் கேட்டவருக்கு உபொம்போவோ, மாகாணத்தின் வட எல்லையில் எங்கோ ஒரு மருத்துவமனையோ விழலாம்.

காம்சர்வோடு சேர்த்தே மாஸ்டர்ஸைப் பகுதிநேரமாகத் தொடங்குவது நான் பரிந்துரைக்கும் வழி. முன்வேலை நான்காம் ஆண்டில் முடிந்திருப்பதால் காம்சர்வ் ஆண்டில் தரவு சேகரிப்பும் பகுப்பாய்வும் மட்டும். தேசியத் தரவை வைத்து ஆய்வு செய்பவருக்கு எந்த ஊரில் போட்டாலும் கவலை இல்லை, லேப்டாப்பும் இணையமும் போதும். அடுத்த ஆண்டின் முதல் பாதியில் எழுதி முடித்துவிடலாம். வேலை பார்க்கும் மருத்துவமனையிலேயே தரவு எடுக்க நினைப்பவர் அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் அனுமதிக்கு ஓட முடியும். அது விரைவுப் பாதை ஆகாது.

காம்சர்வைத் தள்ளிவைத்து முதலில் முழுநேர மாஸ்டர்ஸ் செய்ய விரும்புபவர் அதற்கு முன் எச்.பி.சி.எஸ்.ஏ.வின் தொழில் வாரியத்திடமும் சுகாதாரத் துறையிடமும் எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ள வேண்டும். மாகாண அரசின் பர்சரியில், அதாவது படிப்புதவித் தொகையில், படித்தவருக்குத் திரும்ப வேலை செய்து கொடுக்கும் ஒப்பந்தம் இருக்கும். சேர்க்கைப் படிவத்திலேயே "பர்சரிக் கடப்பாடு உண்டா?" என்று ஒரு வரி வையுங்கள்.

பி.எஸ்சி., ஹானர்ஸ் வழியாக வருபவருக்கு இந்த முடிச்சு இல்லை. அவருக்கு முன்வேலையெல்லாம் ஹானர்ஸ் ஆண்டில் நடக்கும்.

படி 9: இறங்கிக்கொள்ளும் வழி

பாதையில் சேர்ந்த எவரும், எந்தக் கட்டத்திலும், இளநிலைப் பட்டத்துக்கு எந்தச் சேதமும் இல்லாமல் விலகலாம் என்று எழுதி வையுங்கள். இரண்டு பட்டமும் தனித்தனியே வழங்கப்படுவதால் இது எளிது. ஜூன் மாதத்தில் ஒருமுறை கூப்பிட்டுப் பேசி, தொடர்வதா வேண்டாமா என்று கேட்பது நல்லது. விலகுபவரிடம் காரணம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், வற்புறுத்த வேண்டாம். எதிர்ப்பக்கமும் உண்டு. வேலை எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக வளர்ந்தால், மாஸ்டர்ஸை முனைவர் பட்டப் பதிவாக உயர்த்த நம் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் விதி இருக்கிறது.

படி 10: சமர்ப்பிப்பும் தேர்வாளரும்

எல்லாம் ஒழுங்காக ஓடி, கடைசியில் தேர்வாளர் கையில் ஆய்வேடு மூன்று நான்கு மாதம் கிடப்பது சகஜம். சமர்ப்பிக்கப் போகிறோம் என்ற அறிவிப்பைப் பல இடங்களில் மூன்று மாதம் முன்பே கொடுக்க வேண்டும். தேர்வாளர் நியமனத்தை அந்த நாளிலேயே தொடங்குங்கள். பெயர்களை முன்மொழியும்போது கூடவே மாற்றுப் பெயர் ஒன்றும் வையுங்கள். அவர்களிடம் தேதி சொல்லி, அந்த மாதம் படிக்க நேரம் இருக்குமா என்று கைடு நேரில் கேட்டுவிட வேண்டும். பட்டமளிப்பு ஏப்ரல், மே மாதத்தில். அதற்கு அறிக்கையும் திருத்தமும் பிப்ரவரிக்குள் முடிய வேண்டுமானால் ஆய்வேடு நவம்பர் நடுவில் போயாக வேண்டும். டிசம்பர் பதினாறுக்கு மேல் எந்தத் தேர்வாளரும் ஆய்வேட்டைத் திறக்கமாட்டார். கடற்கரையில் இருப்பார்.

முதல் அணி முடிந்ததும் படி 4-ல் போட்ட அதே தேதிப் பட்டியலை அவர்களுக்கும் போட்டு, பழைய கோப்புகளுக்குப் பக்கத்தில் வைத்துத் துறைக் கூட்டத்தில் காட்டுங்கள். எந்த மேசையில் இன்னும் நாள் போகிறது என்பது அதில் தெரியும். இரண்டாம் அணிக்கான மூன்றாம் ஆண்டு மாணவர்களை அழைக்கும் முன் அந்த ஒரு மேசையைச் சரிசெய்துவிடுங்கள்.